லேப்டாப்பில் ரேம் மாற்றுவது: ஸ்க்ரூ கழற்றும் முன்பும் பின்பும்

லேப்டாப் திணறுகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில் "ரேம் போட்டுடு" என்பதுதான். ரேம் என்றால் திறந்திருக்கும் வேலைகளை லேப்டாப் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி. அதைக் கூட்டுவது பல நேரம் சரியான யோசனை, சில நேரம் வீண் செலவு. நான் முதல்முறை ரேம் மாற்றியபோது எனக்கிருந்த பயமெல்லாம் அடிமூடியைத் திறப்பதில்தான் இருந்தது. ஆனால் திறக்க ஆனது கால் மணி நேரம். தப்பான ரேமை வாங்கி, மாட்டிப் பார்த்து, திரை வராமல் திருதிருவென விழித்து, அதைத் திருப்பி அனுப்பி வேறு ஒன்றை வரவழைக்க ஆனது மூன்று வாரம். மூடியைத் திறப்பதில் யாரும் பெரிதாகக் கோட்டை விடுவதில்லை, வாங்குவதில்தான் விடுகிறோம். அதனால்தான் இங்கே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கவே கொஞ்சம் நேரமாகும்.

குறை ரேமில்தானா?

வழக்கமாக நீங்கள் திறந்து வைக்கிற எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள். பிரவுசரில் அந்த இருபது முப்பது டேப், அலுவலக வேலைக்கான மென்பொருள், பின்னால் ஓடும் பாட்டு, எல்லாம். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைப் பாருங்கள். லேப்டாப் திணறும் நேரத்தில் அது 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது என்றால் ரேம் போதவில்லை. இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப இழுக்கும், அந்த இழுபறியைத்தான் நாம் "மூச்சு வாங்குது" என்கிறோம்.

மெமரி 50 சதவீதத்தில் நிம்மதியாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்று பாருங்கள். ஆம் என்றால் ரேமுக்கு வைத்திருக்கும் காசில் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள், அதுதான் வண்டியையே மாற்றினதுபோல இருக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து மெமரி பிரஷர் வரைபடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்தால் போதும். லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஒன்று: "ஃப்ரீ" கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்துப் பதறாமல் "அவைலபிள்" கட்டத்தைப் பாருங்கள். சும்மா கிடக்கிற ரேமைக் கேஷாக (மறுபடி வேண்டியிருக்கும் தரவை வைக்கும் இடமாக) பயன்படுத்திக்கொள்வது அதன் வழக்கம்.

எவ்வளவு போடலாம் என்றால், 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போனால் மறுபிறவி. 8-லிருந்து 16-க்குப் போனால் நன்றாகவே தெரியும், பெரும்பாலானோருக்கு அதுவே போதும். 16-லிருந்து 32 என்பது வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின், பெரிய பெரிய தரவுக் கோப்புகள் என்று இருப்பவர்களுக்குத்தான், மற்றவர்கள் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, மிகப் பழைய லேப்டாப்பில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் அது 4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடவே தொடாது. முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

மாற்ற முடிகிற லேப்டாப்தானா?

பல பேருக்கு இங்கேதான் கதை முடிந்துவிடுகிறது. மெல்லிய லேப்டாப்கள் நிறையவற்றில் ரேம் சிப்புகளை மதர்போர்டிலேயே சால்டர் செய்து (பற்றவைத்து) விடுகிறார்கள், அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மேக்புக் ஏரில் என்றைக்குமே ரேமை மாற்ற முடிந்ததில்லை. மேக்புக் ப்ரோவில் 2012-ல் ரெடினா திரையோடு வந்த மாடலிலிருந்து சால்டர்தான். 2020-ல் வந்த ஆப்பிளின் எம்1 சிப் முதல் ரேம் பிராசஸரோடு ஒரே பொட்டலத்தில் வருகிறது. இந்த மாடல்களை வைத்திருப்பவர்கள் எல்லாம் வாங்கும்போதே யோசித்து வாங்கியிருக்க வேண்டியதுதான்.

விண்டோஸில் அதே மெமரி பக்கத்தின் கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு (ரேம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது), ஃபார்ம் ஃபேக்டர் (ரேமின் வடிவம்) என்று இரண்டு வரி இருக்கும். "1 ஆஃப் 2" என்று இருந்து, ஃபார்ம் ஃபேக்டரில் சோடிம் (கழற்றி மாட்டும் லேப்டாப் ரேம்) என்று போட்டிருந்தால் யோகம்தான், ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. "2 ஆஃப் 2" என்றால் ஒன்றையோ இரண்டையுமோ கழற்றிவிட்டுப் பெரியதாகப் போட வேண்டும். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று வந்தால் சால்டர் செய்தது. ஆனால் இந்த வரிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். சால்டர் செய்த எல்பிடிடிஆர் (மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை) ரேம் உள்ள லேப்டாப்களில் "8 ஆஃப் 8" என்றெல்லாம் காட்டும், எட்டு ஸ்லாட் உள்ள லேப்டாப் எங்கே இருக்கிறது? சில மாடல்களில் பாதி ரேம் போர்டிலேயே சால்டர் செய்து, கூடவே ஒரே ஒரு ஸ்லாட்டும் கொடுத்திருப்பார்கள். அதில் 8 ஜிபி சால்டர் என்றால் ஸ்லாட்டில் ஒரு 8 போட்டு 16 ஆக்கலாம்.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரே வழி சர்வீஸ் மேனுவல். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். அதை எழுதிக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் மெயின்டெனன்ஸ் மேனுவலைத் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூவருமே பல மாடல்களுக்கு இதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், எந்த ஸ்க்ரூ எங்கே என்று படத்தோடு இருக்கும். அதிகபட்சம் எத்தனை ஜிபி தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கும். சில லேப்டாப் தன் ஸ்பெக் தாளில் எழுதியதைவிட அதிகமாகவும் தாங்கும், ஏனென்றால் அது வெளிவந்த நாளில் அவ்வளவு பெரிய ஸ்டிக் (ரேம் அட்டை) சந்தையிலேயே இருந்திருக்காது. அதே மாடலை வைத்திருக்கும் ஒருவர் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் மட்டும் அந்தச் சோதனையில் இறங்குங்கள்.

எதை வாங்குவது?

லேப்டாப் ரேமின் பெயர் சோடிம். டெஸ்க்டாப் ரேம் 13 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், இது அதில் பாதி, 7 சென்டிமீட்டர் போல இருக்கும். பெயரில் சோடிம் என்று இல்லாமல் வெறும் டிம் என்றிருந்தால் அது உங்களுக்கானது இல்லை.

அடுத்தது தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. டிடிஆர்3-க்கு 204 பின் (விளிம்பில் உள்ள தங்கநிற முனைகள்), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் தப்பான தலைமுறை உள்ளேயே போகாது. போகாததை அமுக்கிப் போக வைக்க முயல்கிறவர்களும் உண்டு, வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது இதைவிட நுணுக்கமான இடத்தில். டிடிஆர்3 என்று பார்த்து டிடிஆர்3 வாங்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, கிளிப்பும் டக்கென்று பூட்டியது, பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. அந்த லேப்டாப் கேட்டது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல், நான் வாங்கியது 1.5 வோல்ட்டில் ஓடும் சாதா டிடிஆர்3. பின்னும் ஒன்றுதான், வெட்டும் ஒன்றுதான், லேபிளில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். டிடிஆர்4-ல் (1.2 வோல்ட்) இந்தத் தொல்லை இல்லை.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது உள்ளே இருக்கும் ஸ்டிக்கில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ" என்பது மாதிரி ஒரு வரி இருக்கும். முதலில் அளவு. 1ஆர் என்றால் ஒரு ரேங்க் (ஒன்றாக வேலை செய்யும் சிப்புகளின் ஒரு தொகுதி), எக்ஸ்8 என்பது அதிலுள்ள சிப்புகளின் அகலம். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 என்பது வேகம். சில நிறுவனங்கள் அதே இடத்தில் பிசி4-25600 என்று அச்சடிப்பார்கள், இரண்டும் ஒன்றே. நொடிக்கு 3200 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட், பெருக்கினால் 25600 மெகாபைட். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் அதே ரேம் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும், அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டு முறை தரவு போவதால்தான் அதன் பெயரே டபுள் டேட்டா ரேட்.

வேகம் அதிகமான ஸ்டிக்கை வாங்கினால் லேப்டாப் வேகமாகிவிடாது. லேப்டாப்பின் வரம்பு 2400 என்றால் 3200 ரேமும் பெரும்பாலும் 2400-ல்தான் ஓடும், இரண்டு ஸ்டிக்கில் ஒன்று மெதுவானது என்றால் இரண்டும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். கேமிங் பெட்டிகளுக்கென்று பளபளப்பாக விற்கும் அதிவேக ரேம்களில் அந்த வேகம் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால்தான் வரும், பெரும்பாலான லேப்டாப் பயாஸில் அந்த வசதியே கிடையாது. சாதாரண வேகத்தில் சாதாரண ரேம் போதும்.

ஒரு 16-ஆ, இரண்டு 8-ஆ? முடிந்தால் இரண்டு. இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும், அதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸுக்கும் இந்த ரேம்தான், அதனால் அங்கே விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏற்கெனவே ஒரு 8 இருக்கிறது, காலி ஸ்லாட்டும் இருக்கிறது என்றால் அதே தலைமுறை, அதே வேகத்தில் இன்னொரு 8 போடுங்கள். ஒரே நிறுவனமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். பின்னால் 32-க்குப் போகிற எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் இப்போதே ஒரு 16 ஸ்டிக்காக வாங்கிக்கொள்ளலாம்.

கிங்ஸ்டன் போன்ற ரேம் நிறுவனங்களின் தளத்தில் லேப்டாப் மாடலைக் கொடுத்தால் பொருந்தும் ரேமைக் காட்டும் தேடல் இருக்கிறது. சர்வீஸ் மேனுவல் சொன்னதும் இதுவும் ஒத்துப்போனால் வாங்குங்கள், அதையும் திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

திறக்கும் முன்

முக்கியமான கோப்புகளுக்கு ஒரு நகல். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை வேறு ஏதாவது சாதனத்திலோ தாளிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரேம் மாற்றியதற்கே கேட்கும் என்றில்லை, ஆனால் பேட்டரியைக் கழற்றுவதில் பயாஸ் அமைப்பு எதுவும் கலைந்தால் கேட்கலாம், அந்த நேரத்தில் கீ அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருந்தால் அழுவதைத் தவிர வழியில்லை. வாரன்டி இருக்கிறது என்றால் நாமே திறக்கலாமா என்று அந்தத் தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேண்டிய கருவிகள் ரொம்பக் குறைவு. பிஎச்0 அளவு பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், சில மாடல்களுக்கு டி5 டார்க்ஸ் (நட்சத்திர முனை). மூடியை நெம்ப பிளாஸ்டிக் துண்டு, கிடார் பிக் இருந்தால் அருமை. கத்தி, இரும்பு ஸ்க்ரூடிரைவர் முனை இதெல்லாம் வேண்டாம், விளிம்பு கீறிவிடும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாள். அதில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை ஒரு கட்டமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பல லேப்டாப்பில் ஸ்க்ரூக்கள் இரண்டு மூன்று நீளத்தில் இருக்கும், நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு வரும், அந்தத் தழும்பு லேப்டாப் உள்ளவரை இருக்கும்.

கழற்றி மாட்டுவது

ஸ்லீப் போதாது, முழு ஷட்டவுன். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுனைச் சொடுக்குங்கள், அப்போதுதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வேலையைப் பாதியில் நிறுத்தி வைக்காமல் நிஜமாகவே அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் வெளியே.

துணி விரித்த மேஜையில் திரையை மூடிக் கவிழ்த்து வைத்து ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எல்லாம் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் எங்கோ ஒன்று பாக்கி, ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். சில ஸ்க்ரூக்கள் எவ்வளவு சுற்றினாலும் வெளியே வராது, அவை மூடியோடு சேர்ந்தே இருக்கும்படி செய்யப்பட்டவை, தளர்ந்தால் போதும். திரையின் கீல் பக்கத்தில் உள்ள மூலையிலிருந்து பிளாஸ்டிக் துண்டை நுழைத்து விளிம்போரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். கிளிப்புகள் டக் டக்கென்று விடும் சத்தம் உடைகிற சத்தம் மாதிரியே இருக்கும், முதல்முறை எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை போகாது என்பார்களே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள், ஒரே இடத்தில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தால் தானாகவே வரும்.

திறந்ததும் முதலில் தொட வேண்டியது பேட்டரி. மதர்போர்டுக்குப் போகும் அதன் கனெக்டரை மெதுவாக விடுவியுங்கள், வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு பக்கமும் நகத்தால் தள்ளி. சில மாடல்களில் கனெக்டரைத் தொடாமல் பயாஸிலேயே உள் பேட்டரியை அணைத்து வைக்கலாம், திங்க்பேட்களில் அந்த வசதி உண்டு. பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். ஏதாவது பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டு உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். நமக்கு உறைக்கவே உறைக்காத அளவு மின்சாரம் சிப்புக்குப் போதும். கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ரேம் இருக்கும் இடம் பார்த்ததும் தெரியும். சில மாடல்களில் மேலே ஒரு உலோகத் தகடு இருக்கும், அதை நெம்பி எடுங்கள். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய உலோகக் கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டைவிரல் நகத்தால் வெளிப்பக்கமாக விலக்கினால் ஸ்டிக் தானே துள்ளி 30 டிகிரி போலச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்விலேயே ஓரங்களைப் பிடித்து வெளியே இழுங்கள், தங்கநிற முனைகளில் விரல் படக்கூடாது.

புதியதும் அதே சாய்வில்தான் போகும். வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக உள்ளே தள்ளுங்கள். நிறையப் பேர் தவறு செய்கிற இடம் இது. பயந்துகொண்டு பாதிதான் தள்ளுவார்கள். முழுசாகப் போனால் தங்கநிறக் கோடு கிட்டத்தட்ட மறைந்து, மெல்லிய ஒரு இழைதான் வெளியே தெரியும், இரண்டு பக்கமும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கீழே அமுக்க வேண்டும், இரண்டு உலோகக் கையும் ஒன்றாகப் பூட்டும் சத்தம் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் எடுத்துவிட்டு மறுபடி.

பேட்டரியை மாட்டுங்கள். மூடியை வெறுமனே மேலே வைத்து ஓரிரு ஸ்க்ரூ மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்றான பிறகு மிச்சத்தைப் போடலாம். எல்லா ஸ்க்ரூவையும் போட்டுவிட்டு மறுபடி கழற்றுகிற எரிச்சல் இருக்கிறதே, அது தனி.

ஆன் செய்யும்போது

முதல்முறை திரை உடனே வராது. லேப்டாப் புதிய ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், டிடிஆர்5-ல் சில நிமிடம்கூட ஆகலாம், நடுவில் தானே அணைந்து திரும்ப ஆன் ஆகவும் செய்யும். பதறிப் பவர் பட்டனை அழுத்திவிடாமல் சார்ஜரை மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். தேதியும் நேரமும் மாறிப்போயிருந்தால் அது பேட்டரியைக் கழற்றியதால், சரிசெய்துகொள்ளலாம்.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் கறுப்புத் திரைதான், அல்லது பீப் பீப் என்று கத்துகிறது என்றால் பத்தில் எட்டு முறை ஸ்டிக் முழுசாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். அணைத்து, பேட்டரியைக் கழற்றி, எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். அப்போதும் வரவில்லையா, புதிய ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்த ஸ்லாட்டில், பிறகு பழையதை மட்டும். பழையது எல்லா ஸ்லாட்டிலும் வேலை செய்து புதியது எதிலும் வேலை செய்யவில்லை என்றால் புதியது பழுது அல்லது பொருந்தாதது. தனித்தனியாக இரண்டும் வந்து சேர்த்துப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் ஜோடி சேரவில்லை, பயாஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குவதுதான் வழி.

திரை வந்துவிட்டால் டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவைப் பாருங்கள். 16 போட்டு 15.7 அல்லது 13.9 என்று காட்டினால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, மிச்சத்தைக் கிராஃபிக்ஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டது. 16 போட்டு 8 என்று காட்டினால் ஒரு ஸ்டிக் தெரியவில்லை, மறுபடி மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

அன்று இரவு ஒரு வேலை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்து, படுக்கப் போகும்போது ஓட விட்டுவிடுங்கள். காலையில் சிவப்பு வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரேமில் ஒரு பிழை என்றாலும் "பரவாயில்லை" கிடையாது, அது என்றைக்கோ ஒரு கோப்பை ஓசையில்லாமல் கெடுக்கும், நீங்கள் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நேரமில்லாதவர்கள் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கையாவது ஓட்டிவிடுங்கள். பிழை வந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கழற்றிய பழைய ஸ்டிக்கை உடனே விற்றுவிடாதீர்கள். புதியது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, எந்த லேப்டாப்பில் இருந்தது என்று மேலே எழுதி எடுத்து வையுங்கள். வாரன்டி சர்வீஸுக்கு அனுப்பும் நாளில், அனுப்புவதற்கு முன் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டால், "நீங்கள் போட்ட ரேமால்தான்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.